சனிக்கிழமை வராதவர்கள்

வேலையில் இருக்க வேண்டிய என் அம்மாவை, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாகேஸ்வர ராவ் பூங்காவில் பார்த்தேன். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனி கொடுத்த பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

லஸ்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு எங்கள் வருகைப்பதிவு மிஷினைக் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். வெயிலுக்குப் பயந்து பூங்கா வழியாகக் குறுக்கே நடந்தேன். முதலில் யாரோ ஒரு அம்மா என்றுதான் நினைத்தேன். இடது கையில் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடும் பழக்கம் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"ம்மா? இங்க இன்னா பண்ற?"

மூடி கீழே விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"இன்னிக்கு அங்க கரண்டு இல்ல. அனுப்சிட்டாங்க."

நம்பியிருப்பேன். அதற்குள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார அம்மா குழாயோடு வந்து நின்றாள். "தேவானக்கா, ஒம் பொண்ணா இது? அப்புடியே ஒன்ன உரிச்சி வச்சாப்புல கீது. பத்து நாளா உங்கம்மாதான்மா எனக்குப் பேச்சுத் தொண."

பத்து நாளா. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முதல் பஸ்ஸில் போய்விடும், மூளை அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும். அன்புக்கரசி என்று பெயர் வைத்தவர்கள் இதை யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு வேலை அபிராமபுரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காண்ட்ராக்டர் மூலம் கூட்டித் துடைக்கும் வேலை. வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் ஆறரைக்கே வாசலில் நின்றுவிடுவார்கள். அதற்குள் இரண்டு மாடியும் கூட்டித் துடைத்திருக்க வேண்டும். ஷிப்ட் ஐந்தே முக்காலுக்கு. நாங்கள் கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இருந்தவரை ஒரு சைக்கிள் தூரம்தான். ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அரசாங்கம் எங்களை மாற்றியபின் முதல் பஸ்ஸை விட்டால் வழியில்லை. அது அவளை ஐந்து மணிக்கு மந்தைவெளியில் இறக்கிவிடும். அடுத்த பஸ் என்றால் ஆறேகால் ஆகிவிடும். அதனால் பக்கத்துத் தெருக்காரர்கள் பல் துலக்குவதற்கு முன்பே, ஐந்து பத்துக்கெல்லாம் போய் விரலை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த விரல் வைக்கும் மிஷினுக்குள் ஓடும் நிரலை எழுதியது நான்.

தி. நகரில், உஸ்மான் சாலையைத் தாண்டி ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே மூன்று அறை கொண்ட கம்பெனி எங்களுடையது. இந்த வேலை எங்களுக்குக் கிடைத்ததே அம்மாவால்தான். "எங்க காண்ட்ராக்டரு நோட்டுல கையெழுத்து வோணாம், மிஷினு வக்கணும்னு சொல்லிக்கினு கீறாரு. ஒங்க கம்பெனில செய்வீங்களா?" என்று ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "எம் பேர மட்டும் சொல்லிடாத. கூட்டற பொம்பள பொண்ணுன்னு தெரிஞ்சா இளக்காரமா பாப்பாங்க" என்றாள். நான் சொல்லவில்லை. வேலை கிடைத்தது. நகரம் முழுக்க அவர் ஆள் அனுப்பும் இருபத்திரண்டு இடங்களில் மிஷின் மாட்டினோம். மாட்டிய முதல் நாள் வீட்டுக்கு வந்து அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. "வெரல வச்சா தேங்க் யூன்னு சொல்லுதுடி ஒன் மிஷினு! இருவது வருசமா கூட்டறேன், ஒருத்தன் சொன்னதில்ல."

அந்த அம்மாதான் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோண்டித் தோண்டிக் கேட்டதில் வந்தது. வேலையிலிருந்து நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று தினமும் அதே முதல் பஸ்ஸில் ஏறி, அதே மந்தைவெளியில் இறங்கி, ஷிப்ட் முடியும் நேரம்வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"எதுக்கு நிறுத்துனாங்க?"

"சனிக்கெழம சனிக்கெழம காலைல நான் வெரல வக்கலியாம். போறப்ப மட்டும் வக்கிறேனாம். லேட்டா வந்துட்டு, அது தெரியக்கூடாதுன்னு மிஷின ஏமாத்தறேனாம்."

"வச்சியா, இல்லியா?"

"வச்சேன்."

"வாட்ச்மேன் பாத்திருப்பாருல்ல?"

"வேலுவக் கேட்டாங்க. அக்கா தெனம் வருதுன்னுதான் சொன்னாரு. மிஷின விட நீ பெரிய ஆளான்னு கேட்டுட்டாங்க. மொதல்ல எச்சரிக்க பண்ணப்பவே நான் சனிக்கெழம ரெண்டு தபா வக்க ஆரம்பிச்சேன். ரெண்டு தபாவும் தேங்க் யூன்னுதான் சொல்லுச்சி."

இந்த இடத்தில்தான் என் வாய் முதல் பஸ்ஸில் போயிற்று.

"பதியாம அது தேங்க் யூ சொல்லாதும்மா! சொல்லுச்சின்னா பதிஞ்சிருக்கும், பதியலன்னா நீ வக்கலன்னு அர்த்தம். நான் எழுதினது, எனக்குத் தெரியாதா? ஒரு வாரம்னா மறந்துட்டேன்னு சொல்லலாம். எல்லா சனிக்கெழமையும் எப்படி? நெசத்த சொல்லு, சனிக்கெழம காலைல நீ எங்க போற?"

சொல்லி முடித்தேன். தோட்டக்கார அம்மா குழாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூடியை எடுத்துத் தண்ணீரில் அலசி, டிபன் பாக்ஸை மூடி, பையில் வைத்துக்கொண்டு லஸ் பக்கம் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பல் மருத்துவர் கிளினிக்குக்கு நான் போகவே இல்லை. நேராக அலுவலகம் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மிஷின் மாட்டியதிலிருந்து அம்மா வேலை செய்த பத்து வாரப் பதிவையும் அச்செடுத்துச் சாயங்காலம் அவள் முன்னால் போட்டு, "இந்தா, பாரு" என்று சொல்வதற்காகப் போனேன்.

என் பக்கத்து நாற்காலி யாசிருடையது. நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா மச்சி, பல்லு புடுங்கப் போனா பல்லக் கடிச்சிக்கினு வந்துகீற?" என்றான். நான் பதில் சொல்லாமல் தேவானை என்று தேடினேன். திரையில் வரிசையாக வந்தது. திங்கள் ஐந்து பத்து, செவ்வாய் ஐந்து எட்டு, புதன் ஐந்து பன்னிரண்டு. எல்லாம் ஒழுங்கு. வெள்ளிக்கிழமையில் ஐந்து ஒன்பது, ஐந்து பத்து என்று இரண்டு. சனிக்கிழமைக் காலையில் ஒன்றுமில்லை. பத்து வாரத்திலும் எந்தச் சனிக்கிழமைக் காலையிலும் ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா பொய் சொல்லியிருக்கிறாள்.

யாசிர் எட்டிப் பார்த்தான். "யாரு மச்சி இது? ஞாயித்துக்கெழமகூட வேலைக்கு வந்துகீறாங்க."

"ஞாயித்துக்கெழம அங்க லீவு."

"லீவா? இதோ பாரு. ஞாயிறு அஞ்சு பத்து. முந்தின ஞாயிறு அஞ்சு எட்டு. அதுக்கு முந்தின ஞாயிறும் கீது. எல்லா ஞாயிறும் வந்துகீறாங்க."

திரையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பத்து. அந்த நேரத்தில் பூட்டிய கட்டிடத்தில், மிஷின்மேல் அம்மா விரலை வைத்திருக்கிறாள். அதே நேரத்தில் பெரும்பாக்கத்தில், ஏழாவது மாடியில், என் பக்கத்துப் பாயில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வாரத்தில் அவள் விடிந்தபின் எழுந்திருக்கும் ஒரே நாள் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அவளை எழுப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.



எங்கே தப்பு என்று தேட வேண்டியிருக்கவே இல்லை. நான் எழுதியது, எனக்குத் தெரியாதா என்று பூங்காவில் கத்தினேனே, அது மட்டும் உண்மை. தெரிந்தது.

புரிகிற மாதிரிச் சொல்கிறேன். விரலை வைத்ததும் மிஷின் தேதியையும் நேரத்தையும் ஒரே துண்டாக அனுப்பும். ஆனால் நம் ஊர் நேரத்தில் இல்லை, உலகப் பொது நேரத்தில் அனுப்பும். நாம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். காண்ட்ராக்டரோ, "தேதி தனிக் கட்டத்துல, நேரம் தனிக் கட்டத்துல வேணும், அப்பதான் பிரிண்ட் எடுக்க வசதி" என்று கேட்டிருந்தார். நான் அந்த ஒரு துண்டை இரண்டாக வெட்டினேன். தேதியை ஒரு கட்டத்தில் போட்டேன். நேரத்தைத் தனியாக எடுத்து, அதோடு ஐந்தரை மணியைக் கூட்டி, இன்னொரு கட்டத்தில் போட்டேன். கூட்டினால் இருபத்துநாலைத் தாண்டுமே என்று யோசித்து, தாண்டினால் இருபத்துநாலைக் கழி என்றும் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதியபோது எனக்கே என் மேல் ஒரு மெச்சுதல்.

இருபத்துநாலைத் தாண்டினால் நாள் மாறிவிட்டது என்று அர்த்தம். அதைத் தேதிக்கு நான் சொல்லவே இல்லை.

அம்மா சனிக்கிழமை ஐந்து பத்துக்கு விரல் வைத்தால், பொது நேரத்தில் அது வெள்ளிக்கிழமை இரவு பதினொன்று நாற்பது. நான் நேரத்தை மட்டும் ஐந்து பத்தாகத் திருத்தினேன். தேதி வெள்ளியாகவே நின்றது. அவள் வைத்த ஒவ்வொரு காலையும் முந்தின நாள் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. செவ்வாயின் விரல் திங்களில், வெள்ளியின் விரல் வியாழனில். வாரநாளெல்லாம் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பிக்கொண்டது. திங்கட்கிழமை விரல் ஞாயிற்றில் போய் உட்கார்ந்தது, சனிக்கிழமையை நிரப்ப ஆளில்லை. ஐந்தரைக்குப் பிறகு வருகிறவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நானும் யாசிரும் இதே மேஜையில் பகல் பதினொரு மணிக்கு விரல் வைத்துச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று காபி குடிக்கப் போனோம். அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வருகிறவர்கள் உண்டு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவனை விடுங்கள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தினம் காலையில் என் காலைத் தாண்டிக்கொண்டு போகிறவள் யார்?

"யாசிர், இவங்க எங்கம்மா."

அவன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான்.

அப்புறம் அவன்தான் கேட்டான், "அம்மா ஒருத்தங்கதானா?"

பூட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் விரல் வைத்தவர்கள் யார் யார் என்று தேடினேன். பதினோரு பெயர் வந்தது. முகவரிகளையும் எடுத்தேன். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர், மறுபடி பெரும்பாக்கம். பதினொன்றும் அந்த மூன்று இடத்தைத் தாண்டவில்லை. ஆற்றோரத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். முதல் பஸ்ஸைத் தவிர வேறு வழியில்லாதவர்கள். எல்லோரையும்விட முன்னால் வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். மூன்று பெயருக்கு எதிரே "நீக்கம்" என்று இருந்தது.

"மச்சி, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத" என்றான் யாசிர் மெதுவாக. "தேதியையும் சேத்து மாத்தற மாதிரி திருத்தி, பழைய பதிவ எல்லாம் மறுபடி ஓட விட்டா அரை மணில எல்லாம் சரியாயிடும். அவங்க ரிப்போர்ட்ட தெறந்து பாத்தா சனிக்கெழம தானா வந்திருக்கும். ஏதோ நெட்வொர்க் லேட்டுன்னு சொல்லிக்கலாம். ஒன் வேலையும் போவாது."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். விரலை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைகள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். ஆனால் மிஷினை ஏமாற்றினாள் என்று அம்மாவை நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னார்களே, அது எப்படிச் சத்தமில்லாமல் திரும்பும்? நான் கேட்டேனே, எங்கே போகிறாய் என்று, அதை எந்த நிரலை வைத்துத் திருத்துவது?

முதலாளி வால்டர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நான் அச்செடுத்த தாளைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஜீசஸ்!" என்றார். பிறகு, "நீயே நேர்ல போய்ச் சொல்லும்மா. நம்ம தப்புன்னே சொல்லு. உன்னப் பத்தி திங்கட்கிழம பேசிக்கலாம்" என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரமில்லை.

காண்ட்ராக்டர் கதிரேசனின் அலுவலகம் கே.கே. நகரில், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். வெளியே துடைப்பக்கட்டும் பினாயில் கேனும் அடுக்கியிருந்தன. அவர் நல்ல மனநிலையில் இருந்தார். "வாங்க மேடம், உங்க மிஷின் சூப்பர். தப்பு பண்றவங்கள எல்லாம் கரெக்டா புடிச்சிக் குடுக்குது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம். நின்றபடியே தாளை நீட்டிச் சொன்னேன்.

முதலில் சிரித்தார். "நேரம் கரெக்டாத்தானே காட்டுது? நானே வச்சுப் பாத்தேனே."

"எத்தன மணிக்கு வச்சீங்க சார்?"

"பத்து... பத்தரை."

"ஞாயித்துக்கெழம அந்த லேப்ப யாராவது தெறப்பாங்களா சார்?"

"சாவி என்கிட்டதான் இருக்கும். ஞாயித்துக்கெழம ஈ காக்கா நுழையாது."

ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் படித்தார். ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். பாதியில் உதடு அசைவது நின்றுவிட்டது.  

"அந்த தேவானை அம்மா என் முன்னாடி நின்னுச்சு மேடம். சாமி சத்தியமா வச்சேன் சார்னு சொல்லுச்சு. சாமிய ஏம்மா இழுக்கற, மிஷின் பொய் சொல்லுமான்னு கேட்டேன். அதுக்கு அது ஒண்ணுமே சொல்லல. பேசாம போயிடுச்சு. பதில் சொல்லலைன்ன உடனே, மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

"அவங்க எங்கம்மா சார்."

கதிரேசன் எழுந்துவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கையைக் குவிப்பதா, திட்டுவதா என்று புரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பையனைப்போல மெதுவாகச் சொன்னார், "மிஷின எழுதினது தன் பொண்ணுன்னு அது ஒரு வார்த்த சொல்லலியே மேடம்."

மூன்று பேருக்கும் மறுபடி வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். தப்பு அவர்களுடையது இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். பெயர் எழுதிய மூன்று உறையையும் என் கையிலேயே கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கிறது? அவர் மிஷினைத்தான் நம்பினார். மிஷின் என்னை நம்பியது.

மூன்றரை மணிக்கு, வழக்கமாக வேலை முடித்து வரும் நேரத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்தாள். அன்றும்கூட அந்த நேரத்தை மாற்றவில்லை. தனக்கு முன்னாலேயே வந்து கதவருகில் நிற்கும் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கோட்டைக் கழற்றினாள்.

"ம்மா, மிஷின் தப்பு. என் தப்பு. நீ வச்சது எல்லாம் முந்தின நாள் கணக்குல போயிருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"எந்தக் கணக்குன்னு தெர்ல. மிஷினு தப்புன்னு தெரியும். வெரலு என்துதானே?"

"அப்ப அந்த ஆள் கேட்டப்ப ஏன் வாய மூடிக்கினு நின்ன? மிஷின் பொய் சொல்லுமான்னு கேட்டாராமே. சொல்லும்னு சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா யார்ரா அத்த எழுதுனதுன்னு தேடுவாங்க இல்ல?" கோட்டின் பொத்தானைப் போட்டுப் போட்டு மடித்தாள். "எனக்கு இங்க இல்லன்னா இன்னொரு எடத்துல தொடப்பம் குடுப்பாங்க. ஒனக்கு இது மொத வேல."

காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை.

"அவுங்க திருடின்னு நெனச்சாங்க, சரி. அவுங்க யாரு எனக்கு?" என்றாள் அம்மா. குரல் அப்போதுதான் உடைந்தது. "சனிக்கெழம எங்க போறன்னு நீ கேட்ட பாரு. பன்னெண்டு நாளு அந்தப் பெஞ்சில குந்திக்கினு கெடந்தேன். ஒரு நாளுகூட எனக்கு அழுவ வர்ல. இன்னிக்கி லஸ்ல நின்னு அழுதேன்."

மன்னிச்சிடும்மா என்று சொன்னேன். அவள் என் கையிலிருந்த உறைகளைப் பார்த்தாள்.

"இன்னா அது?"

சொன்னேன். பதினோரு பேரைப் பற்றியும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்திய மற்ற இரண்டு பேரின் உறையை அவள் கையில் கொடுத்தேன். ஒருத்தி கண்ணகி நகர் சந்திரா. அடுத்த பெயரை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதியிலேயே நிமிர்ந்தாள்.

"நஸ்ருன்னிசாவா? நம்ம எட்டாவது பிளாக்கு நஸ்ருவா? அடிப்பாவி, மொத பஸ்ஸில எனக்கு எடம் போட்டு வக்கிறவடி அவ. ஒரு மாசமா பஸ்ஸுக்கு வர்ல. கேட்டா ஒடம்பு சரியில்லன்னா." உறையை என்னிடம் திருப்பித் தந்தாள். "செருப்ப மாட்டு. இப்பவே போலாம்."

"நீ குடுத்துடேன்மா. ஒனக்குத் தெரிஞ்சவங்கதானே."

"தப்பு யாரு பண்ணது? நீ வந்து சொல்லு."

எட்டாவது பிளாக்கில் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறினோம். அம்மா எனக்கு முன்னால் ஏறினாள். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாக்கா" என்றாள் அம்மாவிடம். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் கரீமுல்லா, காக்கிச் சட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் நின்றே சொன்னேன். கே.கே. நகரில் நடுங்காத குரல் இங்கே நடுங்கியது. மிஷின், தேதி, ஐந்தரை மணி என்று எதையோ உளறினேன். அம்மா இடையில் புகவே இல்லை. கடைசியில் சுருக்கமாகச் சொன்னேன்: "நீங்க எல்லா சனிக்கெழமையும் சரியான நேரத்துக்கு வந்தீங்கக்கா. நான் எழுதினதுதான் தப்பு."

நஸ்ருன்னிசா உறையை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமா வந்தனா?"

"வந்தீங்க. அஞ்சு பதினொண்ணு, அஞ்சு ஒம்பது. நேரத்தோட என்கிட்ட இருக்கு."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சிக்கா" என்றாள் அம்மாவிடம், மூச்சு வாங்கியபடி. "சனிக்கெழமயானா எனக்கு எதுனா ஆயிடுதோ, வேற எங்கனா போயி நின்னுட்டு மறந்துடறேனோன்னு... மந்திரிக்கக்கூட போய்ட்டு வந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். கண் உள்பக்கம் போய் வந்தது. "இவரு ஒரு மாசமா என்னோட பேசறதில்ல. சனிக்கெழம காத்தால வேலைக்குப் போவலன்னா வேற எங்கடி போறன்னு ஒரே ஒரு தபா கேட்டாரு. அதுக்கப்பறம் எதுவுமே கேக்கல."

எனக்கு அம்மா பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அதே கேள்வி. காலையில் பூங்காவில் என் வாயிலிருந்து வந்த அதே கேள்வி, இந்த வீட்டில் ஒரு மாதமாகக் குடியிருந்திருக்கிறது.

நஸ்ருன்னிசா முக்காட்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் டிவியை அணைத்தாள். கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, எந்திரிச்சி இங்க வாங்க." கதவருகே திரும்பி வந்து, அவர் வரும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்து நின்றதும் என்னிடம் திரும்பினாள். "இப்ப சொல்லும்மா. மொதல்லேர்ந்து சொல்லு. சனிக்கெழம நான் எங்க இருந்தேன்னு இவரு முன்னாடி சொல்லு."

அம்மாவின் கை என் முதுகில் வந்து பட்டது. அன்று முழுக்க அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

நான் முதலிலிருந்து சொன்னேன்.